நிர்வாகத்தைச் சேர்ந்தவர்

உட்காரலாமா சார்? இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்கு வெயில் ஆகாது. தாம்பரம் வரைக்கும் போறீங்களா? நான் குரோம்பேட்டை. பஸ்ல வந்து பழக்கமில்ல எனக்கு, கம்பெனி கார் இருந்தது. பேங்க்காரங்க வந்து ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுலயும் ஒரு மரியாதை பாருங்க, என்கிட்டதான் சாவி கேட்டாங்க. வேற யார்கிட்டயும் கேக்கல.

மயிலிறகு ஏர்வேஸ் கேள்விப்பட்டிருப்பீங்க. வால்ல மயிலிறகு வரைஞ்சு மூணு விமானம் பறந்துக்கிட்டிருந்தது. கோயம்புத்தூர், தூத்துக்குடி, கொச்சின்னு. போன வருஷம் டி.வி.யில வந்ததே, ஒரே நாள்ல அத்தனை பைலட்டுக்கும் உடம்பு சரியில்லைன்னு. அது நாங்கதான். மனிதவள மேலாளர் உலகநாதன்னு ஒருத்தர் மைக் முன்னாடி நின்னு பேசினாரே, ஞாபகம் இருக்கா? இல்லையா. சரி. அது நான்தான்.

அந்த ஸ்ட்ரைக்கை முடிச்சு வச்சதும் நான்தான். கேப்டன் தேவபிச்சையாலதான் முடிஞ்சதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் என்ன சார் பண்ணினார்? காய்ச்சல்ல விழுந்தார். மத்த ஏற்பாடெல்லாம் நான் பண்ணினது.

எங்க சேர்மன் இரும்புக் கம்பி வியாபாரத்துலேர்ந்து வந்தவர். முதல் விமானம் வந்து இறங்கின அன்னிக்கு எங்க எல்லாரையும் நிக்க வச்சு, இது கம்பெனி இல்ல, குடும்பம்னு சொன்னார். சும்மா மேடைக்காகச் சொல்லல. கடைசி வரைக்கும் அப்படித்தான் நடத்தினார். குடும்பத்துல யாராவது மாசாமாசம் சம்பளம் கேப்பாங்களா?

முதல்ல ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அப்புறம் ஒரு மாசம். அப்புறம் பாதி வந்தது. பாதி வந்ததும் சில பேர் சம்பளத்தைக் குறைச்சுட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் அன்னிக்கே சர்க்குலர் போட்டேன். அந்த வார்த்தையை ஆபீசுல யாரும் பேசக் கூடாது, 'தற்காலிகப் பகிர்வு'ன்னுதான் சொல்லணும்னு. சேர்மன் அதைப் படிச்சுட்டு, உலகநாதன், உங்களுக்குத் தமிழ் நல்லா வருதுன்னார். யார், யார்கிட்ட பகிர்ந்துக்கிறாங்கன்னு ஒரு பைலட் கேட்டு அனுப்பினார். படிச்சவங்களுக்கு எதுலயும் குதர்க்கம்தான்.

நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை யோகா வச்சேன். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வெட்டினோம். பேக்கரிக்காரன் இனிமே கடன் கிடையாதுன்னுட்டான், உடனே கேசரியா மாத்தினேன். வீட்ல கோமதிதான் கிண்டிக் கொடுப்பா. கோமதி என் சம்சாரம். நெய் விட்டுப் பண்ணுடி, பைலட்டுங்க சாப்பிடறதுன்னு சொன்னா, நம்ம வீட்ல எண்ணெயே இல்ல, நெய் எங்கேர்ந்து வரும்னு கேப்பா. அவளுக்குக் கம்பெனி நடைமுறையெல்லாம் தெரியாது.

எனக்கும்தான் சம்பளம் வரல. ஆனா அது வேற சார். எனக்கு வராம இருந்ததும் அவங்களுக்கு வராம இருந்ததும் ஒண்ணு இல்ல. அவங்களுக்குக் கொடுக்காம வச்சிருந்தாங்க. நான் வாங்காம இருந்தேன். புரியுதில்ல?

கேப்டன் சுகிர்தான்னு ஒரு அம்மா. பைலட் சங்கத்துக்கு அவங்கதான் தலைவி. கத்த மாட்டாங்க, மேஜையைத் தட்ட மாட்டாங்க. அதான் எனக்குப் பிடிக்காது. கத்தினா பதில் சொல்லலாம். ஒருநாள் என் ரூமுக்கு வந்து எதிர்ல உட்கார்ந்தாங்க. பயிற்சிக்கு வாங்கின கடனைக் கட்ட முடியாம கோ-பைலட் ஒருத்தர் ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல, தூங்காம வந்து விமானத்துல உட்கார்றார், இது சரியில்லன்னு சொன்னாங்க. பாக்கியைக் கொடுங்க, இனிமே ஒழுங்கா கொடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்னாங்க. நான் தியான வகுப்பு ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு சொன்னேன்.

அதுக்கு அவங்க, "உங்களுக்கும்தான் வரல சார். மூட்டை ஏத்தறவங்க, டிக்கெட் கவுன்ட்டர்ல நிக்கிற பொண்ணுங்க, யாருக்கும் வரல. எல்லாருக்கும் சேர்த்தே கேக்கப் போறோம். நீங்களும் எங்களோட வாங்க," அப்படின்னாங்க.

என்ன தைரியம் பாருங்க. நான் நிர்வாகம் சார். நிர்வாகத்தைப் பார்த்து, நிர்வாகத்துகிட்ட கேக்க வான்னு கூப்பிடறதா? மேடம், எங்களுக்கு ஒரு குறையும் இல்ல, நீங்க உங்க வேலையைப் பாருங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் கோமதியோட வளையலை அடகுக்கடையில வச்சேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது எங்க சொந்த விஷயம்.

சேர்மனும் பேசிப் பார்த்தார். எல்லா பைலட்டையும் கூப்பிட்டு, உங்களை என் பிள்ளைங்க மாதிரி நினைச்சேனேன்னு கண் கலங்கினார். உண்மையான கண்ணீர். நான்தான் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். போன மாசம் உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு விமானம் முழுக்க ஆள் ஏத்திக்கிட்டு உதய்ப்பூர் போய் வந்தோமே, அந்தச் செலவுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்ததுன்னு ஒருத்தர் கேட்டார். அழுதுகிட்டிருக்கிற மனுஷன்கிட்ட கேக்கிற கேள்வியா அது? சேர்மன் ஆளுக்கொரு சின்ன விமான பொம்மை கொடுத்தார், வெள்ளி முலாம் பூசினது. பாதிப் பேர் மேஜை மேலயே விட்டுட்டுப் போயிட்டாங்க. நான் எடுத்து பீரோவுல பத்திரமா வச்சேன்.

அடுத்த திங்கட்கிழமை காலையில போன் மேல போன். ஒருத்தருக்குக் காது அடைப்பு. ஒருத்தருக்கு முதுகுவலி. ஒருத்தருக்கு வயித்துப்போக்கு, பேசிக்கிட்டிருக்கும்போதே வச்சுட்டார், அவ்வளவு அவசரமாம். காய்ச்சல், காய்ச்சல், காய்ச்சல். ஸ்ட்ரைக்னு ஒருத்தர்கூட சொல்லல. நோட்டீஸ் கொடுத்து ஸ்ட்ரைக் பண்ணினா நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். காய்ச்சலுக்கு எந்தக் கோர்ட்ல சார் தடை வாங்கறது?

ஏர்போர்ட்ல கூட்டம் அலைமோதுது. ஒரு அம்மா பெட்டி மேலயே உட்கார்ந்து என் பேரைச் சொல்லித் திட்டினாங்க. என் சட்டையில பேர் குத்தியிருந்தது, அதைப் பார்த்து.

நான் பயப்படல. ஒரு உத்தரவு போட்டேன். உடம்பு சரியில்லைன்னு போன்ல சொன்னா செல்லாது. நேர்ல வரணும், யூனிஃபார்ம்ல வரணும், கம்பெனி டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் லீவு. வர முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே வருவோம். யூனிஃபார்ம் எதுக்குன்னு கேக்கறீங்களா? உடுப்பைப் போட்டா பொறுப்பு வரும். மனோதத்துவம் சார்.

சொன்ன மாதிரியே டாக்டரை வேன்ல ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். டாக்டர் குருபரன். தோல் டாக்டர். சேர்மனோட மச்சினருக்கு கிளாஸ்மேட், அதனால அவரையே கம்பெனி டாக்டரா வச்சிருந்தோம். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு ஒரு பை சாத்துக்குடி வாங்கினேன். ஆளுக்கு ரெண்டு. என் காசுதான்.

முதல் வீடு காது அடைப்புக்காரர். கதவைத் திறந்தார், அரை டிராயரோட, வேர்வை வழிய. அப்பதான் ஓடிட்டு வந்திருக்கார். காது எப்படி இருக்குன்னு கேட்டேன், என்னன்னார். சத்தமா கேட்டேன், மறுபடியும் என்னன்னார். டாக்டர் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, காதுல ஒண்ணும் தெரியல, ஆனா கழுத்துல படை இருக்கு, இந்த ஆயின்மென்ட் தடவுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டார். ரெண்டாவது வீட்ல முதுகுவலிக்காரர் பொண்ணைத் தோள்ல தூக்கி வச்சு ஒட்டடை அடிக்க விட்டுக்கிட்டிருந்தார். அங்கயும் டாக்டர் முதுகைப் பார்த்துட்டு வேர்க்குருன்னார்.

மூணாவது வீடு கேப்டன் சுகிர்தா. உட்காரச் சொன்னாங்க, காபி கொடுத்தாங்க. தனக்கு மன அழுத்தம்னு சொன்னாங்க. அப்புறம் ரொம்ப அக்கறையா டாக்டரைப் பார்த்து, உங்களுக்குச் சம்பளம் வருதா டாக்டர்னு கேட்டாங்க. அவர் டம்ளரைக் கீழ வச்சார். வரல, அஞ்சு மாசமாச்சுன்னார். தூக்கம் வருதான்னு கேட்டாங்க. வரலன்னார். பிரஷர் பார்த்தீங்களான்னு கேட்டாங்க. அவரோட பையிலேர்ந்தே கருவியை எடுத்து, அவர் கையிலேயே கட்டி, அந்த அம்மாவே பார்த்தாங்க. அது எங்கயோ போய் நின்னுது. டாக்டர் அதை ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, உலகநாதன் சார், எனக்கு ரெஸ்ட் தேவைப்படுது, நான் இப்படியே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போறேன்னார்.

டாக்டருக்கு லீவு கொடுக்க யார் கையெழுத்துப் போடறதுன்னு எங்க விதிமுறையில இல்ல. விட்டுட்டேன். மிச்ச சாத்துக்குடியை அவர்கிட்டயே கொடுத்து அனுப்பினேன்.

சைதாப்பேட்டை தாண்டிட்டோமா? இந்த ரோட்டுல எப்பவும் இப்படித்தான், நகராது.

மறுநாள் காலையில ஆபீசுக்குள்ள நுழையறேன், வரவேற்பு சோபாவுல ஒருத்தர். வெள்ளைச் சட்டை, தோள்ல நாலு பட்டை, மடியில தொப்பி. கேப்டன் தேவபிச்சை. நாசரேத் பக்கத்துக்காரர். சங்கத்துல சேராதவர், சண்டைன்னா அவருக்கு ஆகாது, கேன்டீன்ல காபி ஆறிப் போயிருந்தாக்கூட சொல்ல மாட்டார், குடிச்சுட்டுப் போயிடுவார். அத்தனை பைலட்டுல ஒரே ஒருத்தர் வந்திருக்கார் சார். யூனிஃபார்ம்ல வந்திருக்கார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அவர் எழுந்து நின்னு, சார், எனக்கு உடம்புன்னு ஆரம்பிச்சார். நான் அவர் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டேன். கை கொதிச்சுது. எவ்வளவு உணர்ச்சி பாருங்கன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னேன். ஒண்ணும் பேசாதீங்க கேப்டன், உங்க மனசு எனக்குத் தெரியும்னு சொல்லி ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அதுக்கப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்தது. சேர்மனுக்குப் போன் போட்டேன். ஒரு விமானத்தை எடுத்துக் காட்டினா ஸ்ட்ரைக் உடைஞ்சதுன்னு அர்த்தம், நானே கோயம்புத்தூர் வரேன்னார். டி.வி.காரங்களுக்குச் சொன்னேன், இலவசமா ஏத்திக்கிட்டுப் போறோம்னு. கோ-பைலட் ஒருத்தர், வேலைக்குப் புதுசு, நிரந்தரம் ஆகாதவர், பயந்துகிட்டே வந்துட்டார். ரோஜா மாலை, சால்வை. டிக்கெட் கவுன்ட்டர் பொண்ணுங்களைக் கூப்பிட்டு ரெண்டு வரிசையா நிக்க வச்சுக் கைதட்டச் சொன்னேன். அவங்களுக்கும் சம்பளம் வராம இருந்தது, ஆனாலும் தட்டினாங்க. தேவபிச்சை மாலையோட நின்னு இருமினார். தொண்டை அடைக்குதுன்னு நினைச்சேன்.

நடுநடுவுல அவர் சொன்னார்தான். இல்லைன்னு சொல்லல. சார், நெசமாவே காய்ச்சல், உத்தரவுல நேர்ல வரணும்னு போட்டிருந்தீங்க, அதான் டாக்டர்கிட்ட காட்ட வந்தேன்னார். நீங்க சொல்லுங்க, ஊர்ல எல்லாரும் காய்ச்சல்னு பொய் சொல்லும்போது ஒருத்தர் காய்ச்சல்னு சொன்னா நம்ப முடியுமா? டாக்டர் எங்கேன்னு கேட்டார். டாக்டர் லீவுன்னேன். அப்ப யார் பார்க்கிறதுன்னு கேட்டார். நீங்க போய் உங்க சீட்ல உட்காருங்க கேப்டன், போட்டோ எடுத்து முடிச்சதும் வேற ஆளுக்கு ஏற்பாடு பண்றேன்னு சொன்னேன். வேற ஆள் இல்ல. ஆனா சீட்ல உட்கார்ந்துட்டா மனசு மாறிடும்னு ஒரு கணக்கு. அவர் என்னை நம்பிப் போய் உட்கார்ந்தார். ரொம்ப நல்ல மனுஷன்.

நானும் ஏறினேன். விமானம் நிரம்பி இருந்தது. நேத்துலேர்ந்து காத்துக்கிடந்த ஜனங்க. சேர்மன் முதல் வரிசை. போட்டோவெல்லாம் முடிஞ்சது. கதவைச் சாத்தச் சொன்னேன்.

சாத்தினதும் காக்பிட் கதவு திறந்தது. தேவபிச்சை வெளிய வந்தார், மாலையைக் கழட்டிக் கையில சுருட்டி வச்சிருந்தார். மைக்கை எடுத்தார். சுவத்துல ஒரு கையை ஊணிக்கிட்டு மெதுவாப் பேசினார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த விமானத்தோட கேப்டன். எனக்குக் காய்ச்சல் அடிக்குது. முன்னாடி இருக்கிற எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. இந்த நிலைமையில உங்களை நான் ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது. மன்னிச்சுக்கோங்க."

அப்பதான் சேர்மன் எழுந்தார். அவர் யதார்த்தமான மனுஷன் சார், மனசுல ஒண்ணு வச்சு வெளியில ஒண்ணு பேசத் தெரியாது. "வெறும் காய்ச்சல்தானேய்யா. ரெண்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓட்டு. முக்கா மணி நேரம்தானே," அப்படின்னுட்டார். டி.வி. கேமரா அவர் முகத்துக்கு நேரா இருந்தது. ஏத்தினது நான்.

மூணாவது வரிசையில இருந்த ஒரு அம்மா எழுந்து மேலேர்ந்து பையை எடுத்தாங்க. முதல் நாள் என்னைத் திட்டினாங்களே, அவங்கதான்னு நினைக்கிறேன். பின்னாடி ஒருத்தர் எழுந்தார். அப்புறம் எல்லாரும். யாரும் கத்தல, கைதட்டல. பெட்டியை எடுத்துக்கிட்டு வரிசையா இறங்கினாங்க. இறங்கும்போது சில பேர் தேவபிச்சை தோளைத் தொட்டுட்டுப் போனாங்க. கடைசியில நானும் சேர்மனும் அந்தப் புதுக் கோ-பைலட்டும் இருந்தோம். தேவபிச்சை முன் சீட்ல சரிஞ்சு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்துதான் இறக்கினாங்க. டெங்கு.

எனக்கு எவ்வளவு வேதனை தெரியுமா? நம்பி மாலை போட்டேனே. மறுநாளே மெமோ தயார் பண்ணினேன். 'நிறுவனத்தின் மாலை மரியாதையை முழு மனதுடன் ஏற்றுக்கொண்டு, அதன் பின்னர் பறக்க மறுத்தது.' இதுதான் குற்றச்சாட்டு. ஆஸ்பத்திரியில கொண்டு போய்க் கொடுத்தேன். கையில ஊசி குத்தியிருந்ததால இடது கையால கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டார். வந்ததுக்கு நன்றின்னு வேற சொன்னார்.

சேர்மன் பேசினதை நாள் முழுக்க டி.வி.யில போட்டாங்க. டில்லியிலேர்ந்து விசாரணைக்கு ஆள் வந்தாங்க. விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவங்க எங்ககிட்ட கேள்வி கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் சேர்மன் பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கிட்டார். ஒத்துக்க வச்சது யாரு? அந்தப் பயணத்தை ஏற்பாடு பண்ணினது நான். கேமராவை உள்ள ஏத்தினது நான். அப்படிப் பார்த்தா, ஸ்ட்ரைக்கை முடிச்சது யாரு?

பேச்சுவார்த்தை அன்னிக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் கேப்டன் சுகிர்தாவும் ரெண்டு பேரும். இந்தப் பக்கம் சேர்மன், பக்கத்துல நான். பைலட் பாக்கி முழுக்கத் தரேன், மத்தவங்க என் குடும்பம், அவங்க பொறுத்துக்குவாங்கன்னு சேர்மன் சொல்லிட்டார். அந்த அம்மா பேனாவை மூடி வச்சாங்க. என்னைப் பார்த்துத் திரும்பினாங்க.

"உலகநாதன் சார், எங்களுக்கும் வரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க கையெழுத்துப் போடாம எழுந்துடறோம். எல்லாருக்கும் வர்ற வரைக்கும் பறக்க மாட்டோம்."

ரூம்ல எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க. சேர்மனும் பார்க்கிறார். அவர் என்னை அவ்வளவு நேரம் உத்துப் பார்த்தது அதுக்கு முன்னாடி கிடையாது. நான் சொன்னேன், எங்களுக்கு எந்தக் குறையும் இல்ல மேடம்னு. கவுன்ட்டர் பொண்ணுங்க, மூட்டை ஏத்தறவங்க, எல்லார் சார்பாவும் சொன்னேன். அந்த அம்மா மூடின பேனாவைத் திறக்கல. கூட வந்த ரெண்டு பேரும் அவங்க காதுல ஏதோ சொன்னாங்க. போட்டுடலாம்னு சொல்லியிருப்பாங்க, அவங்களுக்கும் கடன் இருக்குமில்ல. கையெழுத்துப் போட்டாங்க. தேவபிச்சை பேர் அதுல வரல. அவர் சங்கத்துலயும் இல்ல, மெமோவும் இருக்கு. ரெண்டு பக்கமும் சேராத ஆள்.

பைலட்டுங்க பாக்கியை வாங்கினாங்க. தீபாவளிக்குள்ள ஒவ்வொருத்தரா வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. விசுவாசமே கிடையாது. பைலட் இல்லாம விமானம் நின்னுது, விமானம் நின்னதும் வாடகைக்காரன் ஓட்டிக்கிட்டுப் போயிட்டான், கம்பெனியை மூடிட்டாங்க. சேர்மன் பழையபடி கம்பி வியாபாரத்துக்குப் போயிட்டார். ரெண்டு மூணு தடவை போன் பண்ணினேன். பிஸியா இருப்பார்.

நான் அப்படியே விட்டிருப்பேன். கோமதிதான் விடல. அவ இப்ப பக்கத்துத் தெரு மெஸ்ஸுல சமைக்கப் போறா. அது வேலை இல்ல சார், உதவி. நேத்து வந்து, தொழிலாளர் ஆபீசுல போய் மனு கொடு, உன் பாக்கி ஒண்ணும் பிச்சை இல்லன்னா. தொழிலாளர் ஆபீசுக்கு நான் எப்படிப் போறதுன்னு கேட்டேன். பஸ்ல போன்னா.

அங்கேர்ந்துதான் வரேன்.

வராண்டாவுல போய் நிக்கிறேன், பெஞ்சுல தேவபிச்சை. அவர் கேஸும் இன்னிக்குத்தானாம். இளைச்சுப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். வேற கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம், பாக்கிக்காக வந்திருக்கார். நான் எதுக்கு வந்தேன்னு கேட்டார். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொன்னேன். கையில மனு இருந்தது, அதைப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

உள்ள இருந்த ஆபீசர் ஒரு அம்மா. மனுவைப் படிச்சுட்டு நிமிர்ந்து, நீங்க மேனேஜராச்சே, நிர்வாகத்துல இருந்தவங்க கேஸை இங்க எடுக்க முடியாதேன்னாங்க. நான் எழுந்துக்கப் போனேன். என்கூட உள்ள வந்திருந்த தேவபிச்சை விடல. சண்டைன்னா ஆகாத மனுஷன், அன்னிக்கு விமானத்துல பேசின மாதிரியே மெதுவாப் பேசினார். மேடம், இவருக்குப் பேர்தான் மேனேஜர், இவர் கையில ஒரு அதிகாரமும் கிடையாது, பல்பு மாத்தணும்னாக்கூட சேர்மனைக் கேக்கணும், சொன்னதை எழுதுவார், கொடுத்ததை எடுத்துக்கிட்டுப் போவார், அவ்வளவுதான், நான் வேணும்னா சாட்சி சொல்றேன்னார். எனக்கு மெமோ கொடுத்ததுகூட இவர் முடிவா இருக்காதுன்னார்.

அந்த ஆபீசர் பேனாவை எடுத்துக்கிட்டாங்க. என்னைப் பார்த்துக் கேட்டாங்க. வேலைக்கு ஆள் எடுக்க, ஆளை நிறுத்த, லீவு கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா, எந்த முடிவாவது நீங்களா எடுத்தீங்களா? இல்லைன்னா உங்க வேலை குமாஸ்தா வேலைதான், மனுவை எடுத்துக்கலாம்னாங்க. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க சார். நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

தேவபிச்சை என் முழங்கையைத் தொட்டார்.

யோசிச்சேன் சார். ஒரு நிமிஷம் நல்லாவே யோசிச்சேன். பக்கத்து மேஜையில ரெண்டு பேர் திரும்பிப் பார்க்கிறாங்க. வாசல்ல பியூன் நிக்கிறான். என் மூஞ்சிக்கு நேரா ஒருத்தர் என்னைக் குமாஸ்தாங்கறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லா முடிவும் நான்தான் மேடம் எடுத்தேன், என்னைக் கேக்காம அங்க ஒரு விமானம்கூட நகராதுன்னு சொன்னேன்.

அவங்க எழுதினாங்க. மனுதாரர் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்னு. எழுதி முடிச்சுப் படிச்சுக் காட்டினாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் ஒருத்தர் அதைச் சத்தமாப் படிச்சுக் கேட்டேன்.

கீழ இறங்கினதும் தேவபிச்சை பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்தார். திங்கட்கிழமை வரைக்கும் டைம் இருக்கு, தப்பாச் சொல்லிட்டேன்னு திருத்தி எழுதிக் கொடுக்கலாம்னு அந்த அம்மா அவர்கிட்ட தனியாச் சொன்னாங்களாம். நானும் கூட வரேன் சார், ஒரு வரிதான், சொல்லிடுங்கன்னார். அவருக்கென்ன, அவர் பைலட். எனக்குக் காய்ச்சல்னு ஆயிரம் பேர் பார்க்கச் சொல்லிட்டுப் போயிடுவார். நான் எப்படிச் சொல்றது? இருபது வருஷம் கழுத்துல டை கட்டிக்கிட்டுப் போனவன், நான் ஒண்ணுமே இல்லைன்னு எப்படிச் சொல்றது?

கோமதி ரெண்டு தடவை கூப்பிட்டுட்டா. எடுக்கல. மெஸ்ஸுல பாத்திரம் கழுவற நேரம், எடுத்தா அந்தச் சத்தம் கேக்கும்.

நீங்க சொல்லுங்க சார். இவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டு வரேன். என்னைப் பார்த்தா ஒரு அதிகாரமும் இல்லாத ஆள் மாதிரியாத் தெரியுது?

குரோம்பேட்டை வந்துருச்சு, எழுந்துக்கிறேன். கண்டக்டர், இறங்கணும். கண்டக்டர். இந்தாப்பா, நிறுத்தச் சொல்லு. விசில் அடிப்பா.

காதுல வாங்கறானா பாருங்க.

பரவால்ல விடுங்க. அடுத்த ஸ்டாப்புலயே இறங்கிக்கிறேன். கொஞ்சம் நடக்கலாம்னு நான்தான் முடிவு பண்ணியிருக்கேன்.